நியூயார்க்கை நடுங்க வைத்தது எது தெரியுமா? நம் வீட்டு வெந்தயம்!

ஒரு மாநகரம் முழுக்க இனிப்பு வாசனை அடித்தால் மக்கள் மகிழ்வார்களா, மிரள்வார்களா? மிரண்டார்கள்! 2005 அக்டோபரில் ஒரு மாலை, நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் மேப்பிள் பாகு மணம் கமகமவென்று எழுந்தது. நாம் பதநீரைக் காய்ச்சிப் பாகு எடுப்பதுபோல, அங்கே மேப்பிள் மரத்தின் நீரைக் காய்ச்சி எடுப்பது அது. காலைப் பலகாரத்தின் மேல் ஊற்றிக்கொள்ளும் பண்டம். ஆனால், இரட்டைக் கோபுரங்கள் விழுந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த ஊர். விஷவாயுவை நல்ல மணத்துக்குள் ஒளித்து யாராவது பரப்புகிறார்களோ என்று பதறிப்போய், மாநகரத்தின் புகார் எண்ணான 311-ஐ மக்கள் விடாமல் அழைத்தார்கள். அதிகாரிகள் காற்றை எடுத்துச் சோதித்தார்கள், ஆபத்தாக ஒன்றுமில்லை. மணம் மறைந்தது. பிறகு மறுபடி வந்தது, மறுபடி மறைந்தது. மூன்று வருடங்களுக்கு மேல் இந்தக் கண்ணாமூச்சி!

எப்படிப் பிடித்தார்கள் தெரியுமா? வந்த போன்களையே தடயமாக்கினார்கள். எந்தத் தெருவிலிருந்து புகார், எத்தனை மணிக்கு, அந்த நிமிடம் காற்று எந்தத் திசையில் எந்த வேகத்தில் வீசியது என்று ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறித்தார்கள். காற்று வந்த வழியே கோடு இழுத்தால், கோடுகள் ஹட்சன் ஆற்றைத் தாண்டி எதிர்க்கரையில் இருக்கும் நியூ ஜெர்சி மாநிலத்துக்குள் போய் நின்றன. அங்கே வாசனைப் பொருட்கள் தயாரிக்கும் ஓர் ஆலை. அது பதப்படுத்திக்கொண்டிருந்தது வெந்தயம்! 2009 பிப்ரவரியில் மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க் வரைபடத்தோடு பத்திரிகையாளர்கள் முன் வந்து இதை அறிவித்தார்.

வெந்தயத்தில் இருக்கும் சொடோலோன் என்ற மணப்பொருள்தான் மேப்பிள் பாகுக்கும் மணம் தருகிறது. வெந்தயம் நிறையச் சாப்பிடுகிறவர்களின் வியர்வையில்கூட அந்த மணம் வரும். பிறந்த குழந்தையின் சிறுநீரில் இதே மணம் அடிக்கும் ஓர் அபூர்வ நோய் உண்டு. வெந்தயம் சாப்பிட்ட தாய்க்குப் பிறந்த குழந்தையைப் பார்த்து அந்த நோயோ என்று மருத்துவர்கள் சந்தேகப்பட்ட நிகழ்வுகூட மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது!

மாநகர சுகாதாரத் துறை என்றால் குப்பை, கொசு மருந்து, பிறப்புச் சான்றிதழ் என்றுதான் நமக்கு நினைவு வரும். உண்மையில் அது ஒரு துப்பறியும் இலாகா! அதன் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் மூன்றே கேள்விகள். யாருக்கு? எங்கே? எப்போது? இந்த மூன்றையும் விடாமல் கேட்டுக்கொண்டே போனால் குற்றவாளி வெளியே வருவான். சில சமயம் அவன் நம் சமையல்கட்டிலேயே இருப்பான்.

சந்தேகமா? பதினோரு நீல மனிதர்களின் கதையைக் கேளுங்கள்.

1944 செப்டம்பர் 25, திங்கட்கிழமை காலை. மன்ஹாட்டனின் தென்கோடியில் ஒரு முதியவர் நடைபாதையில் சுருண்டு விழுந்தார். மூக்கு, உதடு, காது, விரல்கள் எல்லாம் வானத்து நீலம்! சற்று நேரத்தில் இன்னொருவர். அப்புறம் இன்னொருவர். அன்று மாலைக்குள் பதினோரு பேர். எல்லோரும் வீடு வாசல் இல்லாத, மலிவான விடுதிகளில் படுத்தெழும் வயதான ஆண்கள். மருத்துவமனையில் முதலில் கரிப்புகை நச்சு, அதாவது கார்பன் மோனாக்சைடு என்று நினைத்தார்கள். தகவல் சுகாதாரத் துறைக்குப் போனது. அங்கிருந்த டாக்டர் மோரிஸ் க்ரீன்பெர்க்கும் டாக்டர் ஒட்டாவியோ பெல்லிட்டெரியும் கிளம்பினார்கள்.

வாயுவாக இருந்தால் ஒரே இடத்தில் இருந்தவர்கள் ஒரே சமயத்தில் விழுந்திருக்க வேண்டுமே? இவர்கள் வெவ்வேறு இடங்களில் விழுந்திருக்கிறார்களே? அப்படியானால் என்ன சாப்பிட்டீர்கள், எங்கே சாப்பிட்டீர்கள் என்று படுக்கை படுக்கையாகக் கேட்டுக்கொண்டு போனார் பெல்லிட்டெரி. பதினோரு பேரும் ஒரே மலிவு உணவகத்தில், அதே காலையில், ஓட்ஸ் கஞ்சி குடித்திருந்தார்கள்!

சமையலறையில் இரண்டு வெள்ளைப் பொடிகள் இருந்தன. ஒன்று சாதாரண உப்பு. இன்னொன்று இறைச்சியைப் பதப்படுத்தும் சோடியம் நைட்ரைட். பார்த்தால் வித்தியாசமே தெரியாது. சமையற்காரர் உப்பு என்று நினைத்து இதைக் கஞ்சியில் போட்டுவிட்டார். ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை இது ஆக்சிஜன் சுமக்க முடியாதபடி மாற்றிவிடும். அதனால்தான் அந்த நீலம்.

புதிர் முடிந்ததா? இல்லை! அன்று காலை அந்தக் கஞ்சியைக் குடித்தவர்கள் சுமார் 125 பேர். அவர்களில் பதினோரு பேர் மட்டும் ஏன் விழுந்தார்கள்? வேறொருவராக இருந்தால் கோப்பை மூடியிருப்பார். எனக்கு இவர்கள்மேல் மரியாதை வருவது இந்த இடத்தில்தான். அவர்கள் திரும்பப் போனார்கள். மேஜைகளின் மேல் இருந்த உப்புக் குப்பிகள் பதினேழையும் எடுத்து வந்து சோதித்தார்கள். பதினாறில் சாதாரண உப்பு. ஒன்றில் மட்டும் நைட்ரைட்! கஞ்சியில் இருந்த அளவு ஆளை வீழ்த்தப் போதாது. அந்த ஒரு குப்பியிலிருந்து கஞ்சியின் மேல் கணிசமாகக் கொட்டிக்கொண்டவர்கள்தான் விழுந்திருக்கிறார்கள். கஞ்சிக்கு யார் இவ்வளவு உப்புப் போடுவார்கள்? க்ரீன்பெர்க் சொன்ன விடை: மொடாக் குடியர்களுக்கு ரத்தத்தில் உப்பு குறைவாக இருக்கும், உடம்பே உப்பைத் தேடும்.

பதினோரு பேரில் ஒருவர் இறந்துவிட்டார். பெர்ட்டன் ரூஷே என்ற பத்திரிகையாளர் இதை 1948-ல் நியூயார்க்கர் இதழில் எழுத, மருத்துவ மாணவர்கள் இன்றுவரை படிக்கும் பாடமாகிவிட்டது. இன்னொரு விந்தை தெரியுமா? உடம்பை நீலமாக்கும் இந்த நிலைக்கு முறிமருந்தும் ஒரு நீலச் சாயம்தான், மெத்திலீன் ப்ளூ!

காகங்கள் செத்து விழுந்தால் சுகாதாரத் துறைக்குப் போன் போட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா? நியூயார்க்குக்கும் 1999 வரை தெரியாது. அந்த ஆகஸ்டில் குவீன்ஸ் பகுதியின் ஃப்ளஷிங் மருத்துவமனையில் டாக்டர் டெபோரா அஸ்னிஸ் இரண்டு வயதான நோயாளிகளைப் பார்த்தார். காய்ச்சல், குழப்பம், கைகால் தளர்ச்சி. ஒருவர் என்றால் விட்டிருக்கலாம். இரண்டு பேருக்கு ஒரே மாதிரி என்பது அவருக்கு உறுத்தியது. ஆகஸ்ட் 23 அன்று சுகாதாரத் துறைக்குப் போன் செய்தார். அந்த ஒரு போனில் தொடங்கியது எல்லாம்.

டாக்டர் மார்சி லேட்டன் தலைமையில் குழு இறங்கியது. வேறு மருத்துவமனைகளிலும் இதே போல் நோயாளிகள் இருந்தார்கள். அவர்களின் வீடுகளுக்கே போய் விசாரித்தார்கள். ஒரே ஹோட்டலா? இல்லை. ஒரே வேலையா? இல்லை. ஒரே பயணமா? அதுவும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் மாலை நேரத்தில் வீட்டுக்கு வெளியே இருக்கும் பழக்கம்! தோட்ட வேலை செய்கிறவர், வாசலில் நின்று புகைபிடிக்கிறவர் என்று. பக்கத்திலேயே தேங்கிய தண்ணீர், அதில் கொசுப்புழு. மூளைக்காய்ச்சல்! செப்டம்பர் 3 அன்று 'செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல்' என்று அறிவித்து, கொசு மருந்து தெளிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அதே நேரத்தில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி விலங்குக் காட்சிசாலையில் டாக்டர் ட்ரேசி மெக்நமாரா என்ற கால்நடை நோயியல் நிபுணருக்குத் தூக்கமில்லை. ஊரெங்கும் காகங்கள் செத்து விழுந்துகொண்டிருந்தன. இப்போது அவருடைய பூநாரைகளும் சாகத் தொடங்கின. செயின்ட் லூயிஸ் கிருமி பறவைகளைக் கொல்வதில்லையே! பறவைகளைக் கொல்லும் வேறொரு மூளைக்காய்ச்சல் உண்டு, ஆனால் அது வந்தால் ஈமு கோழிகள் முதலில் சாகும். இவருடைய ஈமுக்கள் நன்றாக மேய்ந்துகொண்டிருந்தன. அப்படியென்றால் இது வேறு ஏதோ என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். மனித நோயைப் பார்ப்பவர்கள் பறவை நோயைப் பார்ப்பவரின் பேச்சைக் காதில் வாங்கச் சில வாரங்கள் ஆயின. செப்டம்பர் கடைசியில் உண்மை வெளிவந்தது. வெஸ்ட் நைல் வைரஸ்! 1937-ல் ஆப்பிரிக்காவின் உகாண்டாவில் முதலில் கண்டறியப்பட்ட கிருமி, அமெரிக்கக் கண்டங்களில் கால் வைத்தது அதுவே முதல் முறை. 62 பேருக்குக் கடும் நோய், 7 பேர் மரணம். அதற்குப் பிறகு காகம் செத்துக் கிடந்தால் தகவல் சொல்லுங்கள் என்று மாநகரமே மக்களைக் கேட்டுக்கொண்டது. செத்த காகத்தைக் கணக்கெடுத்தால், மனிதர்களுக்கு நோய் வரும் முன்பே கொசுவை அடிக்கலாமே!

இப்போது கடல் தாண்டி ஸ்பெயினுக்கு வாருங்கள். பார்சிலோனாவில் 1981 முதல் ஒரு விசித்திரம். பல வாரங்கள் அமைதியாக இருக்கும். திடீரென்று ஒரே நாளில் ஆஸ்துமா நோயாளிகள் எமர்ஜென்சி வார்டுகளில் குவிவார்கள், மூச்சு இழுக்க முடியாமல் சிலர் இறந்தேபோவார்கள், மறுநாள் மறுபடி அமைதி. வண்டிப் புகையா? தொழிற்சாலைப் புகையா? மாநகர மருத்துவ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் ஜோசப் அன்டோவும் அவர் குழுவும் அளந்து அளந்து பார்த்தார்கள். எதுவும் பொருந்தவில்லை. நோயாளிகள் மூச்சுத் திணறிய இடங்களை வரைபடத்தில் வைத்தபோது, புள்ளிகள் துறைமுகத்தை ஒட்டிக் கூடின. உடனே துறைமுகப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார்கள். எந்த நாளில் எந்தக் கப்பலிலிருந்து என்ன சரக்கு இறங்கியது?

1985, 1986 இரண்டு ஆண்டுகளில் ஆஸ்துமா வெடித்த நாட்கள் 13. அந்த 13 நாட்களிலும் துறைமுகத்தில் இறங்கியது சோயா பீன்ஸ்! சரக்கைக் கொட்டிவைக்கும் உயரமான கிடங்கில் தூசியைத் தடுக்கும் வடிகட்டி இல்லை. பருப்பின் தோல் தூசி காற்றில் ஏறி ஊருக்குள் போயிருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களின் ரத்தத்திலும் சோயாவுக்கு எதிரான ஒவ்வாமைச் சான்று கிடைத்தது. 1981 முதல் 1987 வரை 26 முறை இப்படி நடந்திருந்தது. வடிகட்டியைப் பொருத்தினார்கள், நின்றது! ஆறு வருடம் ஊரை மூச்சுத்திணற வைத்ததற்குத் தீர்வு ஒரு துணிப் பை வடிகட்டி. கேட்டவுடன் எனக்கு வயிறு எரிந்தது.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் 1993 ஏப்ரலில் நடந்தது இதைவிடப் பெரியது. மருந்துக் கடைகளில் வயிற்றுப்போக்கு மாத்திரை தீர்ந்துபோனது. பள்ளிகளில் ஆசிரியர்கள் இல்லை, மருத்துவமனைகளில் நர்சுகள் இல்லை. மிச்சிகன் ஏரித் தண்ணீரைச் சுத்திகரித்த நிலையத்திலிருந்து கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி தப்பி வந்துவிட்டது. குளோரின் அதை ஒன்றும் செய்யாது! ஏப்ரல் 7 அன்று தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று மேயர் அறிவிப்பதற்குள் ஊர் படுத்துவிட்டது. மதிப்பிட்ட எண்ணிக்கை 4,03,000 பேர். சரி, குழாய்த் தண்ணீர்தான் ஓடிப்போய்விட்டதே, சில நாட்களுக்கு முந்தைய தண்ணீரை எங்கே போய்ச் சோதிப்பது? ஐஸ்! அந்த நாட்களில் அந்தப் பகுதித் தண்ணீரில் உறைய வைத்த ஐஸ் கட்டிகளைத் தேடி எடுத்து உருக்கினார்கள். ஒட்டுண்ணி அதற்குள் அப்படியே இருந்தது.

இனி சில விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இடம் போதாது.

2003 ஆகஸ்டில் நியூயார்க் இருளில் மூழ்கியது. மின்சாரம் வந்த பிறகு, எமர்ஜென்சி வார்டுகளில் வயிற்றுப்போக்கு கூடியதை மாநகரக் கணினி காட்டிக்கொடுத்தது. மருத்துவமனைக்கு வருகிறவர் வாசலில் சொல்லும் உபாதையை நாள்தோறும் தொகுத்துப் பார்க்கும் ஏற்பாடு அங்கே உண்டு. ஃபிரிட்ஜில் கெட்ட இறைச்சியும் மீனும்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பது விசாரித்ததில் தெரிந்தது.

இணையத்தில் ஹோட்டல்களுக்கு எழுதும் விமர்சனங்களையும் சுகாதாரத் துறை படிக்கிறது தெரியுமா? 2012, 2013-ல் சுமார் 2,94,000 விமர்சனங்களைக் கணினியைக் கொண்டு அலசினார்கள். உணவு நச்சாகியிருக்கலாம் என்று 468 பதிவுகள் கிடைத்தன. அவற்றை எழுதியவர்களில் 311-க்குச் சொன்னவர்கள் வெறும் 3 சதவீதம். யாரும் புகார் செய்யாத மூன்று உணவு நச்சு நிகழ்வுகள் இப்படித்தான் வெளியே வந்தன!

ஜன்னலும் சுற்றுச்சூழல் ஆபத்துதான்! மாடி ஜன்னலிலிருந்து குழந்தைகள் விழுவதை நியூயார்க் சுகாதாரத் துறை 1970-களில் நோயைப் போலவே எண்ணத் தொடங்கியது. வீடு வீடாகப் போய்க் கம்பித் தடுப்பு கொடுத்தார்கள். பிராங்க்ஸில் விழுவது பாதியாகக் குறைந்தது. 1976-ல் சின்னக் குழந்தைகள் இருக்கும் அடுக்குமாடி வீடுகளுக்குத் தடுப்பு சட்டமாகவே ஆனது.

சிகாகோவில் 1995 ஜூலை வெப்ப அலையில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 739 பேர் இறந்தார்கள். யார் இறந்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று ஆராய்ந்தபோது, தனியாக இருந்தவர்களுக்கும் வீட்டைவிட்டு வெளியே வராதவர்களுக்கும் ஆபத்து கூடுதல் என்று தெரிந்தது.

2015 கோடையில் நியூயார்க்கின் தென் பிராங்க்ஸில் 138 பேருக்கு லீஜனேர் நோய் என்ற கடும் நிமோனியா. 16 பேர் இறந்தார்கள். பெரிய கட்டடங்களின் மொட்டை மாடியில் ஏசிக்காக வைத்திருக்கும் கூலிங் டவர் தண்ணீரில் கிருமி வளர்ந்து, நுண்திவலையாகத் தெருவில் இறங்கியிருக்கிறது. நடந்து போனவர் மூச்சு விட்டதுதான் செய்த தவறு! கிருமியின் மரபணுவை முழுதாகப் படித்து, நோயாளியின் உடம்பில் இருந்ததும் ஒரு ஹோட்டலின் டவரில் இருந்ததும் ஒன்றே என்று நிரூபித்தார்கள். ஆனால், ஊரில் மொத்தம் எத்தனை கூலிங் டவர் இருக்கிறது, எங்கெங்கே இருக்கிறது என்ற பட்டியல் அதுவரை மாநகரத்திடம் இல்லை. அவ்வளவு பெரிய ஊரில்! அந்த ஆகஸ்டிலேயே சட்டம் போட்டு எல்லா டவர்களையும் பதிவு செய்ய வைத்தார்கள். பதினாறு உயிருக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது.

கடைசியாக, நம் அடுப்படிக்கே வருகிறேன்.

நியூயார்க்கில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்தால் பரிசோதனைக்கூடம் அதை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். உடனே சுகாதார ஆய்வாளர் வீட்டுக்கு வருவார். சுவரைச் சுரண்டாமலே பெயிண்டில் உள்ள ஈயத்தை அளக்கும் எக்ஸ்ரே கருவி கையில் இருக்கும். பழைய பெயிண்ட்தான் முதல் சந்தேகம். அந்த ஊர் வீடுகளில் ஈயப் பெயிண்டை 1960-லேயே தடை செய்துவிட்டார்கள், ஆனாலும் பழைய சுவர்கள் நிற்கின்றனவே. பெயிண்ட் சுத்தமாக இருந்தால் என்ன செய்வார் தெரியுமா? சமையலறைக்குள் போவார். மஞ்சள்தூள் எங்கே வாங்கினீர்கள்? மிளகாய்த்தூள்? குழந்தைக்கு என்ன மருந்து? பூஜையறையில் என்ன குங்குமம்? கண்ணுக்கு என்ன மை?

இப்படி வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் 2008 முதல் 2017 வரை எடுத்த மசாலாப் பொருள் மாதிரிகள் 1,496. அவற்றில் பாதிக்கு மேல் ஈயம் இருந்தது! கடையில் விற்றதைவிட, ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்ததில் கூடுதல். மஞ்சளுக்கு நிறம் ஏற்ற லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைக் கலக்கும் கொடுமையால் வருவது அதில் ஒரு பகுதி. இதைத் தடுக்கவே முடியாதா? முடியும்! வங்கதேசத்தில் 2019-ல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் இந்தக் கலப்படம் இருந்தது. அரசு சோதனை நடத்தி அபராதம் போட்டு ஊரறியச் சொன்னதும் 2021-ல் அது பூஜ்யமாகிவிட்டது.

இன்னொன்று, மனதைப் பிசைவது. 2011, 2012-ல் நியூயார்க் சுகாதாரத் துறை ஆறு கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயத்தைக் கண்டுபிடித்தது. டெசிலிட்டருக்கு 16 முதல் 64 மைக்ரோகிராம் வரை! கர்ப்பிணிகளுக்கு 5 வந்தாலே கவனிக்கத் தொடங்க வேண்டும் என்பது அங்கே அப்போதைய வழிகாட்டுதல். ஆறு பேரும் இந்தியாவில் தயாரான ஆயுர்வேத மாத்திரைகளைச் சாப்பிட்டிருந்தார்கள். கர்ப்பத்துக்கு நல்லது என்று விற்கப்பட்டவையும் அவற்றில் இருந்தன. மூலிகையை நான் குறை சொல்லவில்லை. உலோகம் சேர்த்துச் செய்யும் மருந்துகள் நம் மரபில் உண்டு, அவை முறையாகச் செய்யப்பட்டனவா என்று டப்பாவைப் பார்த்து நம்மால் சொல்ல முடியாது. ஈயம் தாயின் ரத்தத்திலிருந்து நேராகக் குழந்தைக்குப் போகும்; மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

அதனால், மகள் பிரசவத்துக்காக நியூ ஜெர்சிக்கோ லண்டனுக்கோ சிங்கப்பூருக்கோ பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் அம்மாக்களே, வெந்தயத்தைத் தாராளமாக வையுங்கள். தெரிந்தவர் அரைத்துக் கொடுத்தார் என்று லேபிள் இல்லாத மஞ்சள்தூளையும், யாரோ கைராசிக்காரர் கொடுத்தார் என்று பெயர் தெரியாத பற்பம், செந்தூரம், லேகியத்தையும் மட்டும் எடுத்து வெளியே வையுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டாகிவிட்டது என்றால் பயந்து மறைக்க வேண்டாம். அங்குள்ள டாக்டரிடம் சொல்லி, மகளின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று ஒரு பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.